ஒரு சாணுக்குள் ஒரு ஃபியூஸ்

வேப்பந்தட்டை வட்டாரத்தில் டூவீலர் பட்டறை நடத்தும் அண்ணன்மார்களுக்கும், அங்கே வயரிங் வேலை பார்க்கும் தம்பிகளுக்கும்,

இந்த மடலை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. வேப்பந்தட்டையிலோ கிருஷ்ணாபுரத்திலோ அரும்பாவூரிலோ கை.களத்தூரிலோ ஒருவர் உங்கள் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, போன் சார்ஜர் ஒண்ணு மாட்டணும்" என்கிறார். சார்ஜர் எந்த மாதிரி இருக்க வேண்டும், ஹாண்டில்பாரில் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதையெல்லாம் அவரே சொல்லிவிடுவார். அதற்கு மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அது அவருக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்றும் தோன்றாது. அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நீங்கள் வேலையை முடித்து சைடு பேனலை மூடிவிடுகிறீர்கள். உள்ளே என்ன நடந்தது என்பதை அடுத்த முறை நீங்களோ வேறொரு மெக்கானிக்கோ திறக்கும்வரை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆகவே முடிவு முழுக்க உங்கள் கையில். உங்களிடம் நான் வாதாட வந்திருப்பது அந்த முடிவைப் பற்றித்தான்: கூடுதலாக எதை மாட்டினாலும், அதற்கான மின்சாரத்தை பேட்டரி சார்ஜருக்கென்று போடுகிற ஃபியூஸ் வைத்த லீடு வழியாக நேராகப் பேட்டரியிலிருந்து எடுங்கள். வண்டியோடு வந்த வயரைச் சீவி, அதில் முறுக்கி எடுக்காதீர்கள்.

கூடுதல் சாமான் எல்லாம் இளவட்டங்களின் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாத ஊர் இது. பச்சைமலை அடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டவர், காட்டுப்பன்றிக்குப் பயந்து ராத்திரியில் வயலுக்குப் போகிறார். அவருக்கு வரப்பைக் காட்டும் விளக்கு வேண்டும். விடியுமுன் பால் கறந்து கேனைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்குப் பனியில் வழி தெரிய வேண்டும். வண்டியில் கூடை கட்டிக் காய்கறியும் மீனும் விற்கிறவர் தொண்டை வற்றக் கத்த முடியாமல் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும், பெரம்பலூருக்கு வேலைக்குப் போகிறவருக்கும் போனில் சார்ஜ் இல்லாவிட்டால் பாதி நாள் ஓடாது. இவையெல்லாம் பிழைப்போடு சேர்ந்த தேவைகள். 'மாட்டாதீர்கள்' என்று சொல்கிற மடல் இது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தத் தேவைகளை மனதில் வைத்து அந்த வண்டிகளைச் செய்யவில்லை. ஸ்பிளெண்டர் பிளஸ் மாதிரியான நூறு சிசி வண்டியில் இருப்பது 12 வோல்ட், 3 ஆம்பியர்-அவர் பேட்டரி. இப்போதைய கிளாசிக் 350 போன்ற பெரிய வண்டியிலேயே 8 ஆம்பியர்-அவர்தான். அதிலும் 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடினால் ஹெட்லைட் எரிந்தே தீர வேண்டும் என்பது விதி. பகலிலும் அது மின்சாரம் தின்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் சின்ன வண்டிகள் பலவற்றிலும் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டரும் அதை ஆட்டிவைக்கும் எலெக்ட்ரானிக் பெட்டியும் மின்சாரத்தை நம்பியே இருக்கின்றன. முன்பெல்லாம் பேட்டரி செத்தால் கிக்கரை மிதித்து வீடு வந்து சேரலாம். இன்று பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் பல வண்டிகளில் கிக்கர் இருந்தும் பயனில்லை. பழைய பழக்கத்திலேயே வயரைச் சீவுவது இந்த வண்டிகளுக்கு ஒத்துவராது.

உங்கள் பட்டறைகளில் கூடுதல் சாமானுக்கு மின்சாரம் எடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றில் எது நல்லது என்பதை மாட்டிய அன்று தீர்மானிக்க முடியாது. அன்றைக்கு மூன்றுமே எரியும், வண்டிக்காரர் மூன்றுக்கும் சந்தோஷமாகக் காசு கொடுப்பார். ஏதோ ஒரு நாள் வயர் எங்கேயோ உரசி ஷார்ட் ஆகும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும். முதல் வழி, டெயில் லைட்டுக்கோ ஹார்னுக்கோ போகும் வயரைச் சீவி அதில் முறுக்குவது. சாவி போட்டால்தான் வேலை செய்யும் என்பதால் இதைப் பலர் விரும்புகிறார்கள். ஆனால் அந்த வயர் வண்டியின் ஃபியூஸுக்குப் பின்னால் இருக்கிறது. பெரும்பாலான சின்ன வண்டிகளில் மொத்த வண்டிக்கும் ஒன்றோ இரண்டோ ஃபியூஸ்தான். கூடுதல் சாமானில் கோளாறு வந்தால் அந்த ஃபியூஸ் போகும். அதோடு ஹெட்லைட், ஹார்ன், இண்டிகேட்டர், இன்ஜெக்ஷன் வண்டியானால் இன்ஜினும் போகும். இருநூறு ரூபாய் சார்ஜரின் வயர் நைந்ததற்காக, தொண்டமாந்துறைப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு வண்டி விளக்கே இல்லாமல் நடுரோட்டில் நிற்கும். பின்னால் வருகிற லாரிக்கு அது தெரியாது. இரண்டாவது வழி, பேட்டரி பிளஸிலிருந்து நேராக ஒரு வயரை இழுப்பது, ஃபியூஸ் கிடையாது. மூன்றாவது, பேட்டரியிலிருந்தே நேராக, ஆனால் கிளம்பிய ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வைத்து இழுப்பது. இங்கே ஷார்ட் ஆனால் அந்த ஒரு ஃபியூஸ் மட்டும் போகும். போன் சார்ஜ் ஏறாது. வண்டி தன்பாட்டுக்கு வீடு போய்ச் சேரும்.

இரண்டாவது வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "சின்ன பேட்டரிதானே, பன்னிரண்டு வோல்ட், தொட்டால்கூட ஷாக் அடிக்காது" என்ற நினைப்பு நம்மில் பலரிடம் இருக்கிறது. ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் தீயை மூட்டுவது வோல்ட் அல்ல, ஆம்பியர். அந்தச் சின்ன பேட்டரிதான் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றுகிறது. அதற்குப் பல பத்து ஆம்பியரைச் சில நொடிகள் கொடுக்க அதனால் முடியும். வயரின் பிளஸ் முனை ஃப்ரேமில் பட்டால் அந்த மொத்த வலுவும் வயருக்குள் பாயும். மின்சாரம் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும் என்பது உங்களுக்குத் தெரியும். கணக்குப் போட்டே பார்க்கலாம். அரை ஸ்கொயர் எம்.எம். செம்பு வயருக்கு ஒரு மீட்டரில் தடை ஏறக்குறைய 0.034 ஓம். அதில் 40 ஆம்பியர் பாய்ந்தால் மீட்டருக்கு 55 வாட் அளவுக்குச் சூடு. உங்கள் மேஜையில் இருக்கிற 25 வாட் சால்டரிங் அயன் இரண்டை ஒரு மீட்டர் வயருக்குள் செருகி வைத்த மாதிரி. பிளாஸ்டிக் உறை உருகிச் சொட்ட எத்தனை நேரம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வயர் போகிற பாதையையும் யோசியுங்கள்: சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியிலிருந்து கிளம்பி, ஃப்ரேமோடு ஒட்டி, பெட்ரோல் டேங்குக்கு அடியில் புகுந்துதான் ஹாண்டில்பாருக்கு வருகிறது. 2022 மார்ச் மாதக் கடைசியில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகு மின்சார வண்டி என்றாலே ஊரெல்லாம் பயந்தது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஃபியூஸ் இல்லாத பிளஸ் வயரை இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட விட்டிருக்கிறோமே, அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. சித்திரை வெயிலில் நம் ஊரில் அந்த டேப்பின் பசை என்ன ஆகிறது என்பதை சீட்டைக் கழற்றும்போதெல்லாம் விரல் நுனியில் உணர்கிறவர்கள் நீங்கள்.

இனி அந்தச் சார்ஜர் லீடு. துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் வீட்டில் விட்டுப்போன வண்டி, மாதக்கணக்கில் நின்று பேட்டரி செத்துப்போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2020 ஊரடங்கில் ஊரில் பாதி வண்டிக்கு அந்தக் கதிதான். நிற்கிற வண்டியின் பேட்டரியை மெதுவாக நிரப்பி, நிரம்பியதும் தானே அடங்கிக்கொள்ளும் சின்ன சார்ஜர்கள் இதற்காகவே விற்கின்றன. ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கழற்றி கிளிப் மாட்டுவது தொல்லை என்பதால், அதோடு ஒரு லீடும் வரும். ஒரு முனையில் பேட்டரி போல்ட்டில் மாட்ட இரண்டு வளைய லக். பிளஸ் வயரில் கொஞ்ச தூரத்திலேயே ஒரு ஃபியூஸ் ஹோல்டர். மறுமுனையில் மூடி போட்ட இரண்டு பின் பிளக். லீடை ஒரு தடவை மாட்டி பிளக்கை சைடு பேனலுக்கு வெளியே எட்டிப் பார்க்க விட்டால் போதும். குளிர் நாட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதில் இன்னொரு வசதியைக் கண்டார்கள். மின்சாரம் உள்ளே போகிற வழியிலேயே வெளியேயும் வரலாமே என்று, சூடேற்றும் கம்பி வைத்த சட்டையை அதே பிளக்கில் செருகிக்கொண்டு பனியில் ஓட்டினார்கள். வேப்பந்தட்டை வெயிலுக்கு அந்தச் சட்டை நமக்கு எதற்கு! ஆனால் யோசனை நமக்கும் பொருந்தும். பேட்டரியிலிருந்து நேராக, தனி ஃபியூஸோடு, கழற்றி மாட்டக்கூடிய பிளக்கோடு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. வண்டியின் ஒரு வயரையும் சீவ வேண்டியதில்லை. கம்பெனி லீடு கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. லக் இரண்டு, நல்ல வயர், பிளேடு ஃபியூஸ் ஹோல்டர், மூடி உள்ள பிளக் ஆகியவற்றை வைத்து அரை மணி நேரத்தில் நீங்களே செய்துவிடலாம்.

இந்த லீடைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. முதல் சிக்கல் ஃபியூஸிலேயே இருக்கிறது. ஃபியூஸ் காப்பாற்றுவது சார்ஜரையோ விளக்கையோ அல்ல. தனக்குப் பின்னால் வரும் வயரை. பேட்டரி டெண்டர் என்ற சார்ஜர் கம்பெனியின் லீடில் வழக்கமாக 7.5 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். அந்த லீடின் வயருக்கு அது சரி. ஆனால் நீங்கள் அந்தப் பிளக்கில் கடைச் சார்ஜரின் தலைமயிர் போன்ற வயரைச் சேர்த்து ஹாண்டில்பார் வரை நீட்டினால், அந்த மெல்லிய வயருக்கு 7.5 ஆம்பியர் அதிகம். ஃபியூஸ் பொறுமையாக உட்கார்ந்திருக்க, வயர் வெந்துபோகும். ஆகவே போன் சார்ஜர் மட்டும் என்றால் 3 ஆம்பியர் ஃபியூஸாக மாற்றிவிடுங்கள், அல்லது ஹாண்டில்பார் வரை லீடுக்கு நிகரான வயரையே கொண்டுபோங்கள். இரண்டு எல்.ஈ.டி. விளக்கு சேர்ந்து 40 வாட் என்றால் 3.3 ஆம்பியர் ஆகிறது. அதற்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 7.5-ம் 10-ம் கையில் இருக்கிறது என்பதற்காகப் போடக் கூடாது. இரண்டாவது, பிளக்கின் பின்கள். ஒன்று பிளாஸ்டிக்குக்குள் மறைந்திருக்கும். இன்னொன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பேட்டரிப் பக்கத்துப் பிளக்கில் மறைந்திருப்பதுதான் பிளஸாக இருக்க வேண்டும். வெளியே நீட்டியிருப்பது ஃப்ரேமில் பட்டாலும் ஒன்றும் ஆகாது, ஃப்ரேமும் மைனஸ்தானே. லீடை நீங்களே செய்யும்போது இதை மாற்றிப் போட்டால், மூடி கழன்ற அன்றைக்கே ஷார்ட். வெளியே வாங்கும் பிளக்குகளில் சில தலைகீழாக வருவதும் உண்டு. செருகுமுன் மீட்டரை வைத்துப் பார்ப்பது அரை நிமிஷ வேலை. மூன்றாவதாக ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக் கட்டையில் ஃபியூஸ் போனால் கிடைத்த செம்புக் கம்பியைச் சுற்றிப் பழகிய கை, வண்டியிலும் அதையே செய்கிறது. ஃபியூஸ் ஏன் போனது என்று பார்க்காமல் கம்பியைச் சுற்றினால், மூன்றாவது வழி அந்த நிமிஷமே இரண்டாவது வழியாகிவிடுகிறது.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளில் கனமானது ஒன்று இருக்கிறது. "நேராகப் பேட்டரியில் கொடுத்தால் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் ஓடும். பேட்டரி இறங்கிவிடும். அதற்குத்தானே டெயில் லைட் வயரில் எடுக்கிறோம்?" உண்மைதான், இதை மழுப்ப முடியாது. போன் செருகாமல் சும்மா இருக்கிற யு.எஸ்.பி. சார்ஜரும் அதிலுள்ள நீல விளக்கும் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 3 ஆம்பியர்-அவர் பேட்டரி அதற்கு 150 மணி நேரம் தாங்கும். ஆறு நாளில் சுத்தமாகக் காலி. செல்ஃப் அடிக்காமல் போக அதில் பாதிகூட வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டுப் போனை மட்டும் சார்ஜ் போட்டால் நிலைமை இன்னும் மோசம்: பத்து வாட் சார்ஜர் பேட்டரியிலிருந்து ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், ஒன்றரை மணி நேரத்தில் பாதிப் பேட்டரி போய்விடும். ஆனால் இதற்குத் தீர்வு வயரைச் சீவுவது அல்ல. சார்ஜர் லீடில் பிளக் இருக்கிறது. இறங்கும்போது பிடுங்கிவிட்டால் ஒரு மில்லி ஆம்பியரும் போகாது. அவ்வளவு சிரத்தை வண்டிக்காரரிடம் இருக்காது என்று நீங்கள் நினைத்தால், அதுவும் நியாயமான நினைப்புதான், ஒரு நாலு பின் ரிலே வையுங்கள். 30-இல் லீடின் ஃபியூஸிலிருந்து வரும் பிளஸ், 87-இல் சாமான், 85-இல் மைனஸ், 86-இல் சாவி போட்டால் மின்சாரம் வரும் ஏதாவது ஒரு வயர். ரிலேயின் காயில் இழுப்பது ஆம்பியரில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். அதை வண்டியின் வயரிங் தாராளமாகத் தாங்கும். அந்த ஒரு வயருக்கும் ஒரு ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து எடுத்துவிட்டால் இங்கேயும் கத்தி படாது. பாரம் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. சாவி அதைத் திறந்து மூடுகிறது. நீங்கள் விரும்பிய வசதியும் கிடைத்தது, மெயின் ஃபியூஸும் பிழைத்தது.

"இருபது வருஷமா இப்படித்தான் மாட்டுறோம், ஒண்ணும் ஆகலையே" என்பது அடுத்தது. ஆகவில்லை என்பது எப்படித் தெரியும் என்று நான் திருப்பிக் கேட்பேன். நடுவழியில் நின்ற வண்டியை மினி லாரியில் ஏற்றிப் பெரம்பலூருக்குக் கொண்டுபோய் வேறொரு பட்டறையில் பார்த்திருப்பார்கள்; அங்கே வயரிங் கட்டையே மாற்றியிருப்பார்கள்; உங்களுக்குச் செய்தி வந்திருக்காது. இன்னொன்று, இருபது வருஷத்துக்கு முன்னால் இருந்த கார்புரேட்டர் வண்டி இப்படிப்பட்ட அசட்டையைத் தாங்கிக்கொண்டது. இப்போதைய வண்டியில் வோல்டேஜ் தடுமாறினால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. கம்பெனி சர்வீஸுக்குப் போனால், சீவிய வயரைக் காட்டி உத்தரவாதம் செல்லாது என்று சொல்கிறார்கள். மின் அமைப்பில் கை வைத்தால் பொறுப்பில்லை என்று உத்தரவாதப் புத்தகங்களில் அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். நஷ்டம் வண்டிக்காரருக்கு, கெட்ட பெயர் உங்களுக்கு. "கஸ்டமர் கூடக் காசு தர மாட்டார்" என்பதற்கும் பதில் இருக்கிறது. ஹோல்டரும் ஃபியூஸும் சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. டேங்குக்கு அடியில் போகிற வயர் இது என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டுக் கேளுங்கள்; மறுப்பவர் அபூர்வம். மறுத்தால் மாட்டிக் கொடுக்காமல் விடுவதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. "புது வண்டியில் கம்பெனியே யு.எஸ்.பி. வைத்துக் கொடுக்கிறான்" என்பவர்களும் இருக்கிறார்கள். 2021-இல் வந்த கிளாசிக் 350-இலும் 2022-இல் வந்த ஸ்பிளெண்டர் பிளஸ் எக்ஸ்டெக்கிலும் இருப்பது மெய்தான். அதற்கு முந்திய வண்டிகள்தான் நம் வட்டத்துக் கிராமங்களில் இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஓடப் போகின்றன. கம்பெனி வைத்த யு.எஸ்.பி.யும் போனுக்கு மட்டும்தான். விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் உங்களிடம்தான் வருவார்கள்.

லீடு இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதில் தொங்கவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்பு பத்து ஆம்பியர்கூட இழுக்கும், 7.5 ஃபியூஸ் போய்விடும், போகத்தான் வேண்டும். பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் இல்லாத காடு குறைவு, அதிலும் 12 வோல்ட் பேட்டரிதான். "வண்டியிலிருந்தே ஒரு வயர் போட்டு ஸ்பிரேயரைச் சார்ஜ் ஏத்திக்கிறேன்" என்று கேட்டு வந்தால் மறுத்துவிடுங்கள். நிரம்பிய பேட்டரியையும் காலிப் பேட்டரியையும் நேராக இணைத்தால் இடையில் கட்டுப்படுத்த ஏதுமின்றி மின்சாரம் பாயும். வண்டியின் மேக்னட்டோவோ தன் பேட்டரியை நிரப்பவே அளவாகச் செய்யப்பட்டது. ஒலிபெருக்கி வைத்து விற்கிறவர் தெருத்தெருவாக இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் நிற்பார். அவருக்கு வண்டி பேட்டரியைத் தொடாமல் தனி பேட்டரி ஒன்று பின்னால் கட்டிக் கொடுப்பதே உபகாரம். பல சுரத்தில் ஊளையிடும் ஹார்ன் 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. எவ்வளவு ஒழுங்காக ஃபியூஸ் வைத்து மாட்டினாலும் அது ஒழுங்கான வேலையாகாது. எதிரே வருகிறவரின் கண்ணைப் பறிக்கும் விளக்குக்கும் அப்படித்தான்; வரப்பைப் பார்க்கப் போட்ட விளக்கு ஆத்தூர் ரோட்டில் ஏறியதும் அணைய வேண்டும், அதற்குத் தனி ஸ்விட்ச் வையுங்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவு. இனிமேல் மாட்டுகிற எந்தக் கூடுதல் சாமானுக்கும், பேட்டரியில் லக் போட்டு, ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வைத்த தனி லீடிலிருந்துதான் மின்சாரம் எடுப்போம் என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள். ஒரு பட்டறை மட்டும் செய்தால் பக்கத்துப் பட்டறையில் ஐம்பது ரூபாய் குறைவு என்று வண்டிக்காரர் அங்கே போவார். எல்லோரும் செய்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்பதை ஹோல்டரில் ஒரு வெள்ளை டேப் சுற்றி அதன்மேல் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்துத் திறக்கிற மெக்கானிக் ஊகிக்க வேண்டியதில்லை. கூடவே ஒரே அளவில் இரண்டு ஃபியூஸை டூல் கிட்டில் போட்டுக் கொடுங்கள், கம்பி சுற்றும் ஆசையே வராது. பேட்டரியில் வேலை செய்யும்போது மைனஸை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்டுங்கள் என்று புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்களிடமும் பேசுங்கள். யு.எஸ்.பி. சார்ஜர் தொங்குகிற அதே கொக்கியில் ஃபியூஸ் ஹோல்டரும், 3, 5, 7.5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸும் தொங்கட்டும். இப்போது பல கடைகளில் 10-க்குக் கீழே கேட்டால் தேட வேண்டியிருக்கிறது. நீங்கள் கேட்கத் தொடங்கினால் அவர்கள் வாங்கி வைப்பார்கள்.

ஏற்கெனவே மாட்டியவற்றையும் விட்டுவிட முடியாது. அவற்றுக்காக யாரையும் தனியாகக் கூப்பிட வேண்டாம். ஆயில் மாற்ற வருகிற வண்டியின் சைடு பேனலை ஒரு நிமிஷம் திறந்து, பேட்டரி பிளஸ் போல்ட்டில் ஃபியூஸ் இல்லாத வயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், யார் மாட்டியது என்று கேட்காமல், ஒரு ஹோல்டரை இடையில் வைத்துக் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் உறை நைந்த வயரெல்லாம் நனையும். அதற்குள், ஆவணி புரட்டாசியில் உங்கள் பட்டறைக்கு சர்வீஸுக்கு வருகிற வண்டிகளிலிருந்து இதைத் தொடங்குங்கள்.


வேப்பந்தட்டை வட்டத்திலிருந்து உங்களில் ஒருவன்